ஈரக் காகிதங்களுக்கு ஒரு மேசை

2022 ஏப்ரல் 13, புதன்கிழமை. மறுநாள் சித்திரை வருஷப்பிறப்பு. ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அதற்கான சுவடு இல்லை. திங்களும் செவ்வாயும் கொட்டிய மழையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரமே சரிந்து கிடந்தது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததும், 400க்கும் அதிகமானோர் இறந்ததும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று காலை தெரிந்ததெல்லாம் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, ஆற்றோரம் குடியிருந்தவர்கள் கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் நூலகத்துக்குப் போனது கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க. டர்பனுக்கு வடக்கே வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும் சின்னக் கிளை நூலகம் அது. அதற்கு உதவியாக 'நூலக நண்பர்கள்' என்று நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் குழுவில் நானும் ஒருத்தி. நூலகர் எனக்கு முன்பே வந்திருந்தார். நூலகம் திறக்கவில்லை, ஆனால் கதவு திறந்திருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் அந்த அங்கிள் வந்தார். எழுபதைத் தாண்டியவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்ல எல்லாம் போச்சும்மா," என்றார், இந்த ஊர்த் தமிழில். "இந்தப் பேப்பர் மட்டும்தான் இருக்கு. இங்க புஸ்தகம் நனைஞ்சா நீங்க என்ன செய்வீங்களோ, அதையே இதுக்கும் செய்யுங்க."

பையில் பச்சை அட்டை போட்ட அடையாளப் புத்தகம், கல்யாணச் சான்றிதழ், மனைவியின் இறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், ஒரு கட்டு புகைப்படம். எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாள். ஒப்பந்தக் கூலியாக வந்த அவருடைய கொள்ளுத் தாத்தாவின் தாள்.

நூலகருக்கு வயது ஐம்பதுக்குக் கிட்ட. ஜூலு பேசும் குடும்பம். ஊரே அவரை 'மா' என்றுதான் கூப்பிடும். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் படிக்கும் மேசைகள் இரண்டை ஒன்றாக இழுத்துப் போட்டார். அச்சடிக்காத செய்தித்தாள் காகிதத்தை விரித்தார். அதன்பின் மூன்று மணி நேரம் நான் பார்த்ததும் செய்ததும் எனக்கு மறக்காது. யார் வீட்டிலும் வெள்ளம் நுழையலாம் என்பதால் அதை விவரமாகவே எழுதுகிறேன்.

நனைந்த தாளுக்கு 48 மணி நேரம்தான் கெடு. அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். அதற்காக அவசரப்பட்டு வெயிலில் போடக்கூடாது, இஸ்திரி போடக்கூடாது. சூட்டில் தாள் சுருண்டு முறுகிவிடும். நிழலும் காற்றும்தான் வேண்டும். முதலில் புகைப்படங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, படத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். வழவழப்பான தாளும் அப்படித்தான், ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். சாதாரணத் தாள் கட்டாக ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்கக்கூடாது. கொஞ்சம் ஈரம் இறங்கட்டும் என்று விட்டு, பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடையில் நுழைத்துத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் மேலும் கீழும் வெள்ளைக் காகிதம் வைத்து, அது ஈரத்தைக் குடித்ததும் மாற்ற வேண்டும். அச்சடித்த செய்தித்தாளை வைத்தால் அதன் மை ஆவணத்தில் இறங்கிவிடும்.

இன்னொன்றும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பழைய காலத்து இரும்பு மை தண்ணீருக்குச் சுலபத்தில் கரைவதில்லை. கரைந்து ஓடுவது நம் காலத்து மைகள்தான். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகல் நனைந்தால் நீலக் குட்டை. லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸ் மெஷினிலோ எடுத்தது அப்படியே நிற்கும். ஆவணங்களுக்கு நகல் எடுத்து வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மேலும் பதினோரு குடும்பங்கள் பைகளோடு வந்தன. எல்லாவற்றையும் 48 மணி நேரத்துக்குள் உலர்த்த இடமும் இல்லை, ஆளும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நூலகங்கள் செய்வது உறைய வைப்பது. குளிரில் பூஞ்சை வளராது, பிறகு நிதானமாக எடுத்து உலர்த்தலாம். ஆனால் மின்சாரம் இல்லையே. எதிர்த்தெருக் கறிக்கடைக்காரரிடம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மா போய்க் கேட்டார். அவர் ஆட்டுத்தொடைகளை ஒதுக்கி ஒரு தட்டு முழுக்கக் காலி செய்து கொடுத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தாள்களையும் இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, பெயர் எழுதி, கறிக்கடை ஃப்ரீஸரில் வைத்தோம். ஊரின் பிறப்பும் இறப்பும் கல்யாணமும் மூன்று வாரம் அங்கேதான் இருந்தன.

நான் மன்னார்குடிக்காரி. 2004இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் குடும்பம் ஐந்து தலைமுறையாக, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் இருக்கிறது. வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். தமிழ் இருப்பது தேவாரத்திலும் காவடிப் பாட்டிலும் சமையல்கட்டிலும். என் பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடும் என் மாமியாருக்குப் பாட்டாக நூறு பக்கம் தமிழ் தெரியும், எழுதத் தெரியாது. இங்கே பலருடைய நிலை அதுதான்.

வந்த புதிதில் எனக்குப் போக்கிடம் நூலகம் ஒன்றுதான். சந்தா கிடையாது, முன்பணம் கிடையாது. என் மாமனார் மட்டும் வாசலோடு நின்றுவிடுவார். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்துவைத்த சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் நீக்கப்பட்டது. அவர் வாலிப வயதில் நகரத்துப் பெரிய நூலகத்தின் படியில் கால் வைத்ததே இல்லை. "உள்ள வாங்க மாமா" என்று நான் கூப்பிட்டால், "நீ எடுத்துக்கிட்டு வா, நான் இங்க இருக்கேன்" என்பார். பழக்கம் சட்டத்தைவிட நீளமாக வாழ்கிறது. அவர் இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்புதான் உள்ளே வந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்.

மன்னார்குடியில் வளர்ந்தவர்களுக்கு மாட்டுவண்டி நூலகக் கதை தெரிந்திருக்கும். 1931இல் மேலவாசலிலிருந்து எஸ். வி. கனகசபைப் பிள்ளை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் அதே ஆண்டுதான். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தபோது அது புத்தகத்தைச் சீக்கிரம் தேடிக் கொடுப்பது பற்றி என்றுதான் நினைத்தேன். கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து, ஒரு படிவத்தில் ஒரு எழுத்துப் பிழைக்காகத் திரும்பிப் போகிற ஒருவரைப் பார்த்த பிறகுதான் அந்த விதி எனக்குப் புரிந்தது.

2020 மார்ச் 27 முதல் கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு. நூலகமும் பூட்டப்பட்டது. வேலையும் வருமானமும் இல்லாதவர்களுக்கு மாதம் 350 ரேண்ட் தருவதாக அரசு அறிவித்து, மே மாதம் விண்ணப்பங்கள் தொடங்கின. விண்ணப்பம் முழுக்க முழுக்க கைப்பேசியிலும் இணையத்திலும்தான். அப்போது ஒரு ஜிபி டேட்டா 99 ரேண்ட், அடுத்த ஆண்டு 85. ஒரு ஜிபி வாங்கினாலே அந்த 350இல் கால்வாசி போய்விடும். பூட்டிய நூலகத்தின் பின்சுவர் ஓரம் வைஃபை கொஞ்சம் எட்டும். அந்தச் சுவரை ஒட்டி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த மனிதர்களைக் கடந்துதான் நான் ரொட்டி வாங்கப் போவேன். உள்ளே எட்டு கணினிகள் இருட்டில் இருந்தன. நூலகம் எதற்கு என்று என்னை யாராவது கேட்டால் நான் அந்தச் சுவரைத்தான் சொல்வேன்.

மீண்டும் திறந்தபோது திருப்பிக் கொடுத்த புத்தகங்களை மூன்று நாள் தனியே வைத்துவிட்டுத்தான் அடுக்கினோம். அதெல்லாம் கொஞ்ச காலம். நிலைத்தது மா தொடங்கிய மேசைதான். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. படிவம் நிரப்ப உதவுவோம், காசு கிடையாது.

முதல் வாரமே நான் கண்டது பெயர்ச் சிக்கல். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கியபோது வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், நாயுடு நாய்டூ ஆனார். இன்று அவை வெறும் குடும்பப் பெயர்கள். ஆனால் அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு வேறு எழுத்து. அடையாளப் புத்தகத்தில் ஒரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி. கல்யாணமான பெண்களுக்கு உள்துறைப் பதிவில் அப்பா பெயர், வங்கியில் கணவர் பெயர். மனிதருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கணினி மட்டும் 'பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். ஏன் என்றும் விளக்காது. ஒரு அம்மா நான்கு மாதம் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டு, கடைசியில் தன் பெயரையே நான்கைந்து விதமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தார். அவர் என்னிடம் கேட்டார், "எம் பேரு எதுன்னு நீயே சொல்லும்மா."

நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். விண்ணப்பத்தில் அடையாளப் புத்தகத்தில் அச்சடித்திருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும், தப்பாக இருந்தாலும். உள்துறையில் பெயரைத் திருத்த மாதங்கள் ஆகும். வங்கியில் திருத்துவது ஒரு நாள் வேலை. ஆகவே வங்கியை அடையாளப் புத்தகத்துக்கு இணங்க மாற்று. விண்ணப்பித்த கைப்பேசி எண்ணைத் தொலைக்காதே, உறுதிசெய்யும் மறைக்குறி (OTP) அந்த எண்ணுக்குத்தான் வரும். பாதிப் பேர் மலிவான சிம் கிடைக்கிறது என்று மாற்றிவிட்டுப் பிறகு தவித்தார்கள். வேறு வருமானம் இருப்பதாகச் சொல்லி மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அதற்கும் கெடு உண்டு. ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் முறையிட்டு மற்ற மாதங்களை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும். அடையாள எண்ணையும் கடவுச்சொல்லையும் அவர்களே தட்டச்சு செய்ய வேண்டும், மெதுவாக ஆனாலும் சரி. அந்த நேரத்தில் நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம். யாருடைய நகலையும் வைத்துக்கொள்வதில்லை. வீணான தாளைக் கிழித்துப் போடுவதில் கூட மா கண்டிப்பு. முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியில் பதிந்ததை அழித்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடுவோம். வெளியே இதே படிவத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, வங்கி அட்டையின் ரகசிய எண்ணையும் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஏழையின் நம்பிக்கையை ஒருவர் தின்றுவிட்டால் அதன்பின் நல்லவர் நீட்டும் கையையும் அவர் தட்டிவிடுவார்.

முகவரிச் சான்று பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூலக உறுப்பினராக மின்கட்டண ரசீது கேட்பார்கள். தகரக் குடிசையில் இருப்பவருக்கு ரசீது ஏது? வட்டாரக் கவுன்சிலரின் கடிதமும் செல்லும் என்று விதியிலேயே இடம் இருந்தது. ஆனால் அது யாருக்கும் தெரியவில்லை. மா அந்தக் கடிதத்துக்கு மாதிரி ஒன்று எழுதி நகல் எடுத்து மேசையில் அடுக்கி வைத்தார். அந்த மாதம் எங்கள் நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் நான் அதுவரை பார்க்காத முகங்களைப் பார்த்தேன்.

2021 ஜூலையை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமல் இந்த அனுபவம் முழுமையாகாது.

முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போன சில நாட்களில், 9ஆம் தேதி தொடங்கிய கலவரம் எங்கள் மாகாணத்தைச் சூறையாடியது. கடைகள் எரிந்தன. ரொட்டிக்கும் பாலுக்கும் நாள் முழுக்க வரிசை. நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் தெருக்களில் மரக்கிளையும் டயரும் போட்டுத் தடுப்பு அமைத்தார்கள். பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்தோடு சில இடங்களில் கொலையும் சேர்ந்துகொண்டது. டர்பனுக்கு வடக்கே, இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை அமைச்சர் பிறகு அறிவித்தார். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். என் கணவரும் எங்கள் தெருத் தடுப்பில் இரண்டு இரவு நின்றார். அங்கே யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பதை ஊர் மறக்கவில்லை.

நூலகம் திறந்த அன்று காலை ஒரு ஜூலுப் பாட்டி, இங்கே கோகோ என்பார்கள், கனத்த பையோடு வந்தார். அதிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பேத்திக்காக எடுத்த இயற்பியல், கணிதப் புத்தகங்கள். திருப்பித் தரும் தேதி தாண்டிவிட்டது என்பதற்காக மன்னிப்புக் கேட்டார். போன வாரமே கொண்டுவந்தேன், தெருமுனையில் இளைஞர்கள் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள், புத்தகங்களைப் பார்த்துவிட்டும் போகவிடவில்லை என்றார். அவர் சொன்ன தெருமுனை எங்களுடையது.

என் மாமியார் அன்று என்னோடு வந்திருந்தார். ஜூலு அவருக்கு நன்றாக வரும், கரும்புத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். அவர் எழுந்து போய் கோகோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. நடுவில் ஒரு முறை மாமியார் அழுதார். கோகோ அழவில்லை. அன்று அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை மறுபடி வந்தார்.

அந்த ஆகஸ்டில் 350 ரேண்ட் உதவி மறுபடி தொடங்கியது. இந்த முறை குழந்தைகளுக்கான உதவித்தொகை வாங்கும் வேலையில்லாத தாய்மார்களும் தங்களுக்காகக் கேட்கலாம் என்றார்கள். வாசல் தாண்டி வரிசை நின்றது. அப்போதுதான் மா மேசையின் அமைப்பை மாற்றினார். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒருவர் என்பதை விட்டு, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார். ஒருவர் ஜூலு தெரிந்தவர், ஒருவர் நம்மவர். வருகிறவர் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும். வயதானவர்களுக்காக நான் தமிழிலும் பெரிய எழுத்தில் ஒன்று எழுதி ஒட்டினேன். படித்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கலாம். ஆனால் எழுத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் அதைவிட அதிகம். சமாதானக் கூட்டங்கள் எங்கள் ஊரிலும் நடந்தன. ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்கள். நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே படிவத்தின் மேல் இரண்டு தலைகள் குனிந்து ஒரு எண்ணைச் சரிபார்ப்பதை நான் பார்த்தது அந்த மேசையில்தான்.

அந்த மேசை முந்தைய வருஷமே இருந்ததால்தான் இது நடந்தது. கலவரம் முடிந்த பிறகு புதிதாக ஒன்றைப் போட்டு வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் அந்த அங்கிள் போலீஸுக்கோ அலுவலகத்துக்கோ போகாமல் நேரே நூலகத்துக்கு ஈரப் பையோடு வந்ததற்கும் அதுதான் காரணம். ஒரு வருஷம் முன்பு அவருடைய மகனின் மேல்முறையீட்டை அங்கேதான் எழுதினோம்.

வெள்ளத்துக்குப் பின் தண்ணீர்தான் பெரிய பாடு. டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகிப் பல மாதங்கள் லாரித் தண்ணீரே கதியானது. எங்கள் பக்கமும் குழாய் வரும், நிற்கும். லாரி எப்போது எங்கே வரும் என்பதுதான் அன்றாடப் பேச்சு. வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு இருபது செய்தி வரும், பாதி பழசு. வாளியோடு ஓடியவர்கள் வெறுங்கையாகத் திரும்புவார்கள். அப்போது நூலகப் பலகையில் ஒரு விதி வைத்தோம். எந்த அறிவிப்பிலும் எழுதிய தேதி, நேரம், யார் சொன்னது என்ற மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டக்கூடாது. நேற்றையதை இன்று காலை கிழித்துவிட வேண்டும். தெரியாத நாளில் "இன்று தகவல் இல்லை" என்றே எழுதி ஒட்டுவோம். அந்தத் தாளுக்கும் மதிப்பு இருந்தது, யாரும் வீணாக ஓடவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குச் சறுக்கலும் உண்டு. தண்ணீர் இல்லாவிட்டால் கழிப்பறை இல்லை, கழிப்பறை இல்லாவிட்டால் கட்டடத்தைத் திறக்க விதி அனுமதிக்காது. ஊருக்கு மிகவும் தேவைப்பட்ட நாட்களில் நூலகம் பன்னிரண்டு மணிக்கே மூடியது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு ஜோஜோ டேங்க் இருந்திருந்தால் போதும். அந்த மழையில் எத்தனை ஆயிரம் லிட்டர் எங்கள் கண்முன்னே சாக்கடையில் போனது! இன்று டேங்க் இருக்கிறது, நூலக நண்பர்கள் கேக் விற்றும் சமோசா விற்றும் சேர்த்த காசில். நூலகத்துக்கு உதவ நினைப்பவர்கள் பழைய புத்தகங்களை மூட்டை கட்டி அனுப்புவதற்கு முன் அங்கே போய் என்ன தேவை என்று கேளுங்கள். டேங்க், எக்ஸ்டென்ஷன் வயர், சார்ஜ் செய்யும் விளக்கு, ஸ்டேப்ளர் பின் என்றுதான் சொல்வார்கள். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, மிக மோசமாக இருந்த 2023இல் எங்கள் நூலகத்தில் அதிகம் இரவல் போனது புத்தகமே இல்லை, மாணவர்கள் மேசையில் வைத்துப் படித்த நான்கு சார்ஜ் விளக்குகள்.

2024 ஜூன் 3ஆம் தேதி டோங்காட்டில் சூறாவளிக் காற்று கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது நாங்கள் தடுமாறவில்லை. வெள்ளைக் காகிதக் கட்டு, பிளாஸ்டிக் தகடு, மூடும் பைகள், மை கரையாத பேனா எல்லாம் ஒரு நீலப் பெட்டியில் தயாராக இருந்தன. மறுநாளே பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு மக்கள் தங்கியிருந்த மண்டபத்துக்குப் போனோம். மன்னார்குடி வண்டி என் நினைவில் வந்தது.

அந்த அங்கிளின் தாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மற்றவை எல்லாம் நன்றாகவே மீண்டன. அடையாளப் புத்தகம் வீங்கிப் போனது, ஆனால் படிக்க முடிந்ததால் புதிய அட்டைக்கு மனுப் போட உதவியது. புகைப்படங்களில் இரண்டுதான் போயின. பழுப்புத் தாள்தான் மோசம். மடிப்பு விழுந்த இடம் கூழாகிவிட்டது. பெயர் இருந்த வரி அந்த மடிப்பில்தான் இருந்தது. தாத்தாவின் பெயரை இவர்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, 'பெரிய தாத்தா' என்றே சொல்லிப் பழக்கம். தாளை எடுத்துப் பார்த்தால் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அவர் அதைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மேல் ஓரத்தில் எண் மட்டும் பிழைத்திருந்தது, பழைய இரும்பு மையில், தெளிவாக. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியல்களில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் என்று பத்திகள் இருக்கும். மா நூலகக் கணினியில் தேடத் தொடங்கினார். நகல்களில் எண்கள் சில இடங்களில் பிசகியிருக்கும் என்பதால் முன்னும் பின்னும் பார்த்தோம். மூன்றாவது செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வயது 22. வட ஆற்காடு.

பெயர் ஆங்கிலத்தில், எழுத்தர் காதுக்குக் கேட்டபடி. அங்கிள் அதை இங்கிலீஷ்காரர் மாதிரியே வாசித்தார். அது பெயராகவே ஒலிக்கவில்லை. நான் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எங்கள் ஊரில் திண்ணையிலிருந்து யாரையாவது கூப்பிடுவது போல. மூன்றாம் தடவை பெயர் வந்துவிட்டது. அதை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் வீட்டுக்கு உரியது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றார்.

சொன்னேன். மா பழைய அட்டவணை அட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். வரிசையில் அடுத்து நின்ற பெண் அவசரப்படுத்தவில்லை. அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்து எங்கள் மூடும் பை ஒன்றைக் கேட்டு வாங்கி அதற்குள் போட்டு அழுத்தி மூடினார்.